கார்புரேட்டரின் கணக்கு

அப்பா ஓட்டிய பழைய 350 புல்லட் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெருவில் நல்ல முழக்கம் தரும் சைலன்சர் ஒன்றை வாங்கி மாட்டுகிறீர்கள். கூடவே, காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் வாயிலேயே செருகும் கூம்பு வடிவ வடிகட்டி ஒன்றையும் போடுகிறீர்கள். முதல் நாள் வண்டி துள்ளிக்கொண்டு போகிறது. ஒரு வாரத்தில் தொல்லை தொடங்குகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஒரு கணம் தயங்குகிறது. விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால் எஞ்சின் அனலாய்க் கொதிக்கிறது. மெக்கானிக்கிடம் போனால், "ஜெட்டை மாத்தணும் தம்பி" என்கிறார்.

சைலன்சரை மாற்றியதற்கு ஜெட்டை ஏன் மாற்ற வேண்டும்? மாற்றாவிட்டால் என்ன கேடு? இதனை நீங்களே விளங்கிக்கொண்டால், பணமும் மிஞ்சும்; எஞ்சினும் பிழைக்கும்.

ஒரு துளிக்கும் குறைவு

பெட்ரோல் தனியே எரியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. எடையில் சொன்னால் இது பெரிதாகத் தோன்றாது. கொள்ளளவில் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று!

350 புல்லட்டின் சிலிண்டர் 70 மி.மீ. விட்டமும், பிஸ்டனின் வீச்சு 90 மி.மீ. நீளமும் கொண்டவை. பெருக்கிப் பார்த்தால் 346 கன செ.மீ. வரும். ஆக்ஸிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது ஒரு வீச்சில் சிலிண்டர் நிறையக் காற்று வந்தாலும், அதற்கு வேண்டிய பெட்ரோல் ஒரு நீர்த்துளிக்கும் குறைவே. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றினால், இந்தச் சிறு அளவை நொடிக்கு 25 தடவை பிசகாமல் அளந்து கொடுக்க வேண்டும். மின்னணுக் கருவி எதுவும் இன்றி இதைச் செய்வதுதான் கார்புரேட்டர்.

பெட்ரோலைத் தள்ளுவது யார்?

கார்புரேட்டரின் குழாய் நடுவில் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து செல்கிறது. விரையும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. 1738இல் பெர்னூலி தமது நூலில் விளக்கியதும், 1797இல் வெஞ்சூரி எழுதியதும் இத்தகைய ஓட்டத்தைப் பற்றியவையே. கீழேயுள்ள மிதவை அறையில் பெட்ரோல் நிற்கிறது. அந்த அறைக்கு வெளிக்காற்றோடு தொடர்பு உண்டு. எனவே மேலே அழுத்தம் குறைந்ததும், கீழேயுள்ள வெளிக்காற்றின் அழுத்தம் பெட்ரோலை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தப் பாதையில் நிற்கும் அளவுக்காரன்தான் ஜெட்: நடுவில் நுண்ணிய துளையிட்ட ஒரு பித்தளைத் திருகு.

இனி நம் கேள்விக்கு வருவோம். பழைய வடிகட்டிப் பெட்டி காற்றுக்குச் சிறிது தடையாக இருந்தது. அத்தடையால் கார்புரேட்டரின் வாயில் அழுத்தம் முன்பே சற்றுக் குறைந்திருந்தது. ஆகவே பெட்ரோலைத் தள்ளும் அழுத்த வேறுபாடு கூடுதலாக இருந்தது. தயாரித்தவர்கள் இதையும் கணக்கில் கொண்டுதான் ஜெட்டின் துளையை வகுத்தார்கள். நீங்கள் பெட்டியைக் கழற்றியதும் அந்தக் கூடுதல் வேறுபாடு போய்விட்டது. புதிய சைலன்சரோ புகையை எளிதில் வெளியேற்றி, புதிய காற்றுக்கு இடம் செய்கிறது. ஆகக் காற்று கூடுகிறது. அதற்கேற்பப் பெட்ரோல் கூடவில்லை. கலவை மெலிந்துவிடுகிறது.

மெலிந்த கலவையின் கேடு

பெட்ரோல் குறைந்தால் சிக்கனம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆக்ஸிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது எஞ்சினுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு பொருந்தாது. அப்போது வலிவு மிகுதியாகக் கிடைப்பது 12.5 முதல் 13 பங்கு காற்று உள்ள செறிந்த கலவையில்தான். மிகுதியான பெட்ரோல் வீண் போவதில்லை. ஆவியாகும்போது அது வெப்பத்தை உட்கொண்டு சிலிண்டரின் உட்புறத்தைக் குளிர்விக்கிறது. கலவை மெலிந்தால் இந்தக் குளிர்ச்சி குறையும். பழைய புல்லட்டுக்கு நீர்க்குளிர்ப்பும் கிடையாது. சிலிண்டரின் தகடுகள்மேல் வீசும் காற்றே துணை. கலவை தானே வெடித்துத் தட்டும் ஒலி எழும்பலாம். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பற்றிக்கொண்டு எஞ்சின் 'பிடித்து'விடலாம். வேகமாகச் செல்லும்போது பின்சக்கரம் திடீரெனச் சிக்கிக்கொண்டால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. செறிவு மிகுந்தாலும் தீங்குதான்: கரும்புகை, கரி படிந்த பிளக், குறைந்த மைலேஜ். ஆனால் அதில் எஞ்சின் உடனே அழியாது. ஐயம் ஏற்பட்டால் சற்றுச் செறிவின் பக்கம் நிற்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்வது இதனால்தான்.

நான்கு வாயில்கள்

கார்புரேட்டரில் ஒரே ஒரு ஜெட் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதற்கேற்ப ஆட்சி கைமாறுகிறது.

வண்டி நின்றபடி ஓடும்போதும், எட்டில் ஒரு பங்கு திறப்பு வரையிலும் பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும் ஆளுகின்றன. எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை, கேபிள் இழுத்து உயர்த்தும் ஸ்லைடின் அடியிலுள்ள சரிவான வெட்டு ஆளுகிறது. கால் பங்கிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடிலிருந்து தொங்கும் கூரிய ஊசியின் ஆட்சி. ஊசியின் தலையில் சில பள்ளங்களும், அவற்றுள் ஒன்றில் ஒரு சிறு கிளிப்பும் இருக்கும். கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் ஊசி உயரும், கலவை செறியும். முக்காலுக்கு மேலேதான் மெயின் ஜெட்டின் ஆட்சி. இந்த எல்லைகள் கோடு கிழித்தாற் போன்றவை அல்ல. ஒன்றோடொன்று சற்றே கலந்திருக்கும்.

எனவே, "வண்டி சரியாக ஓடவில்லை" என்பது போதுமான செய்தி அன்று. எந்தத் திறப்பில் சரியாக ஓடவில்லை என்பதே கேள்வி. ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு துண்டு ஒட்டுத்தாளை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடிட்டுக்கொள்ளுங்கள். பாதி நோய் அப்போதே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் மாற்றுக

ஜெட்டில் கை வைக்குமுன் வேறு குறைகள் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே காற்று கசிகிறதா? மிதவை அறையில் பெட்ரோலின் மட்டம் சரியா? சைலன்சரின் இணைப்பு இறுக்கமா? அங்கே கசிந்தாலும் பட்பட்டென்று வெடிக்கும். அதற்கு ஜெட்டைப் பழிப்பது வீண்.

பிறகு மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குங்கள். ஊசியின் வழியே செல்லும் பெட்ரோலும் இதன் வழியாகவே வருவதால் இதுவே அடிப்படை. ஆளில்லாத ஏற்றமான சாலையில், மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து ஓட்டி, பின் சிறிதளவு தளர்த்துங்கள். தளர்த்தும்போது வண்டி ஒரு கணம் கூடுதலாக இழுத்தால் ஜெட் சிறியது, கலவை மெலிந்திருக்கிறது. முழுத் திறப்பில் எஞ்சின் குமுறித் திணறி, கரும்புகை கக்கினால் ஜெட் பெரியது. அடுத்து ஊசி, கடைசியாக, எஞ்சின் நன்றாகச் சூடான பின் பைலட் ஜெட்டும் காற்றுத் திருகும். பிளக்கின் பீங்கான் பகுதி வெளிர் பழுப்பாக இருந்தால் நன்று. வெள்ளையாய் வெளுத்திருந்தால் மெலிவு. கரியாய் இருந்தால் செறிவு. ஈயமில்லாப் பெட்ரோலில் இந்நிறம் மெதுவாகவே ஏறும். பிளக்கை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பயன் தந்தது என்பது ஒருபோதும் தெரியாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பின்பற்றும் முறையே இங்கும்.

ஜெட்டின் துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கும் வழக்கத்தை அறவே விடுங்கள். 1.00 மி.மீ. துளை 1.10 மி.மீ. ஆனால் விட்டம் 10 விழுக்காடுதான் கூடுகிறது. பரப்போ 21 விழுக்காடு கூடிவிடும். ஜெட்டின் எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில தயாரிப்புகளில் அது துளையின் விட்டத்தைக் குறிக்கும்; வேறு சிலவற்றில் நிமிடத்திற்குப் பாயும் அளவைக் குறிக்கும். ஒரே எண் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

ஊட்டியும் எத்தனாலும்

எதையும் மாற்றாதபோதும் கணக்கு பிசகுவது உண்டு. சென்னையில் சரிசெய்த வண்டியை 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஓட்டிச் சென்றால், அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கலவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு செறிந்துவிடும். வண்டி சோர்வது உங்கள் பிழை அன்று.

இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். இக்கலப்புக்கு ஏறத்தாழ 13.5 பங்கு. தூய பெட்ரோலுக்கென வகுத்த பழைய ஜெட்டில் இதை ஊற்றினால் கலவை தானாகவே சற்று மெலிகிறது. புதிய சைலன்சரும் திறந்த வடிகட்டியும் இதனோடு சேர்ந்தால் மெலிவு இருமடங்காவதும் உண்டு. இந்தியாவில் 2020இல் பி.எஸ். 6 விதிகள் வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் உணர்கருவிகள் காற்றை அளந்து பெட்ரோலைத் தெளிக்கின்றன. உங்கள் பழைய வண்டிக்கு உணர்கருவி நீங்களே.

இறுதியாக ஒன்று. தயாரித்தவர் வகுத்ததை விருப்பம்போல் மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. முழங்கும் சைலன்சருக்கு அபராதமும் உண்டு. ஆகவே கழற்றிய பெட்டி, சைலன்சர், ஜெட் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். ஜெட்டை ஒரு தாளில் மடித்து, எண்ணை எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் முயன்று பார்த்தபின், தயாரித்தவரின் கணக்கே சரியென்று உங்கள் குறிப்பேடு சொல்லக்கூடும். அப்போது அப்பாவின் புல்லட்டை அப்பா ஓட்டியபடியே ஓட்டலாம்.