நெடும்பயணத்துக்கு எந்த ஹேண்டில்பார்?

கடைத்தெரு வரை சைக்கிளில் போய்வர எந்த ஹேண்டில்பாரும் போதும். நாள் முழுக்க மிதிப்பவருக்குத்தான் அதன் குறை தெரியவரும். முதலில் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகும். முழங்கை வழியாக இறங்கிவரும் அல்நார் நரம்பு, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியில் நுழைகிறது. உடலின் பாரம் அந்த இடத்தை விடாமல் அழுத்துவதால் வரும் தொல்லை இது. மணிக்கட்டு பின்னால் மடிந்திருந்தால் அழுத்தம் இன்னும் கூடும். அதனால் கையை அடிக்கடி இடம்மாற்றி வைக்க வழியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெத்தென்ற உறையெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த விஷயத்தில் மலைச் சைக்கிள்களின் நேர் ஹேண்டில்பார் மோசம். நெரிசலில் திருப்ப வசதிதான். ஆனால் கைக்கு ஒரே இடம். இரு முனையிலும் பார் எண்ட் எனப்படும் கொம்புகளைப் பொருத்தினால் இன்னோர் இடம் கிடைக்கும், செலவும் குறைவு.

ரேஸ் சைக்கிளின் டிராப் பாரில் மேல் கம்பி, பிரேக் பிடியின் தலை, கீழ் வளைவு என மூன்று இடங்கள் உண்டு. எதிர்காற்றில் கீழ் வளைவைப் பிடித்துக் குனிவது பெரிய ஆறுதல். ஆனால் பந்தய வீரர்களைப் பார்த்து டிராப் பாரைத் தாழ்வாக வைத்துக்கொள்பவர்கள் கீழ் வளைவைத் தொடுவதே இல்லை. பயணத்துக்கு அது சீட்டின் உயரத்துக்காவது இருக்க வேண்டும், அகலம் தோளளவு.

ஐரோப்பியப் பயணிகள் பலர் விரும்புவது பட்டாம்பூச்சி பார். பார்க்க அழகில்லை, எடையும் கூடுதல்; ஆனால் சுற்றிலும் பிடிக்கலாம். அதன் குழாய் நேர் பாரைப் போலவே 22.2 மில்லிமீட்டர் என்பதால் பழைய பிரேக், கியர் பிடிகளையே மாட்டலாம். டிராப் பாரின் குழாய் 23.8 மில்லிமீட்டர், அதற்கு மாறினால் பிடிகளையும் மாற்ற வேண்டும். சாலைச் சைக்கிளின் சாதாரண பிரேக் பிடி கேபிளைக் குறைவாகவே இழுப்பதால், மலைச் சைக்கிள்கள் பலவற்றில் உள்ள வி-பிரேக்கோடு ஒத்துப்போகாது. செலவு இப்படித்தான் ஏறும்.

நம்மூர்க் கறுப்புச் சைக்கிளில் பின்னோக்கி வளைந்திருக்கும் ஹேண்டில் பிரிட்டிஷ் நார்த் ரோடு வகையின் வழிவந்தது. மணிக்கட்டு இயல்பாக நிற்கும், முதுகும் நிமிரும். பாரம் முழுவதும் சீட்டுக்குப் போவதால் அகலமான சீட் தேவை, எதிர்காற்றில் சிரமம்தான்.

எதை வாங்குவதற்கு முன்பும் சீட்டைச் சரிபார்ப்பது நல்லது. அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி, பாரம் கைகளில் இறங்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தால் அதைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினாலே போதும். இத்தனைக்குப் பிறகும், பயணம் முடிந்து சில நாட்களாகியும் மரப்பு போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.