விலா நோகாமல் மூச்சுவிட ஒரு மெல்லிய குழாய்

1799-இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்குக் கயிற்றை ஏற்ற வரலாற்றைக் கேட்டே வளர்ந்த மண் பாஞ்சாலங்குறிச்சி. வலியை வெளியே காட்டுவது இங்கு இழுக்கு. கரிசல் வெடிப்பில் கால் பிசகினாலும், பருத்திக்காட்டு வேலையை முடித்த பின்னரே வீடு திரும்புவார்கள். நம் பங்குக் குடும்பங்களில் இத்துடன் இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. "ஆண்டவர் பட்ட பாடுகளுக்கு முன் இது எம்மாத்திரம்? ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்" என்று நோயாளிக்குச் சொல்கிறோம். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆயினும் நெல்லைக்கோ மதுரைக்கோ சென்று நெஞ்சில் அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு, இப்பொறுமை உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும்.

கை முறிந்தால் கட்டி, அசையாமல் வைக்கலாம்; நெஞ்சை அப்படி வைக்க இயலாது. மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சுவிடுகிறான் என்பது சித்தர் கணக்கு. நிமிடத்திற்குப் பதினைந்து என்று கொண்டால் இன்றைய மருத்துவக் கணக்கும் அதுவே. அறுவையின்போது விலா எலும்புகளை விலக்கிப் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்குவதால், அதன்பின் ஒவ்வொரு மூச்சும் குத்துகிறது. நோயாளி மேலோட்டமாக மூச்சுவிடுகிறார், இருமலை அடக்குகிறார். சளி உள்ளேயே தங்குகிறது. நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி, நிமோனியா காய்ச்சல் தலைகாட்டுகிறது. முனகாமல் படுத்திருக்கும் பொறுமைசாலியையே நாம் அதிகம் கவனிக்க வேண்டும்.

இதற்கு மருத்துவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று, வலிச் செய்தியை நரம்பிலேயே மறித்துவிடுவது. விலா நரம்புகள் முதுகெலும்பிலிருந்து புறப்படும் இடத்தருகே, ஸ்கேன் கருவியின் உதவியால் ஊசியைச் செலுத்தி, அதன் வழியே நூல் போன்றதொரு குழாயை உள்ளே விட்டு, ஊசியை எடுத்துவிடுவார்கள். மரத்துப்போகச் செய்யும் மருந்து அக்குழாய் வழியே இரண்டு மூன்று நாட்கள் சிறிது சிறிதாக இறங்கும். நோயாளி விழித்திருப்பார், பேசுவார், இருமுவார். அறுவை செய்த பக்கத்து விலாப்புறம் மட்டும் பெரும்பாலும் மரத்திருக்கும்.

நெஞ்சை மூடுமுன் அறுவை மருத்துவரே கண்ணால் பார்த்து இக்குழாயை வைப்பதும் உண்டு. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரிலிருந்து 1988 முதல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தன. அவற்றில் முன்னிற்கும் பெயர் சபாநாதன் என்பது. நம் மொழியின் பெயர் என்று சொல்லத் தேவையில்லை! நெஞ்சுக்கூட்டின் உள்ளுறையைச் சற்றே விலக்கிப் பை போல் இடம் செய்து, அதில் குழாயை வைத்தார்கள். தண்டுவட உறையை ஒட்டி மருந்து செலுத்தும் முறையோடு ஒப்பிட்டு 1999-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், குழாய் முறையில் மூச்சின் திறன் கூடுதலாகக் காக்கப்பட்டது. குமட்டலும் இரத்த அழுத்தத் தாழ்வும் குறைந்தன.

இனி விசுவாசிகளின் ஐயத்திற்கு வருவோம். சிலுவையில் அறையுமுன் கொடுக்கப்பட்ட வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை நம் ஆண்டவர் ஏற்கவில்லையே, நாம் ஏற்கலாமா? ஏறக்குறைய இதே கேள்வியை மயக்க மருந்து மருத்துவர்கள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரிடம் முன்வைத்தார்கள். 1957 பெப்ருவரி 24-இல் அவர் விடையளித்தார். வலியை நீக்கும் மருந்தை மறுக்கும் பொதுக் கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை. மனமுவந்து பாடுகளை ஏற்பவர் ஏற்கலாம். ஆனால் வலியே உடலைத் தளரச் செய்து, ஆன்மாவின் ஆற்றலையும் குன்றச் செய்வதுண்டு என்றார். உவந்து ஏற்பது நோயாளியின் உரிமை. கட்டிலருகே நிற்கும் நாம் அதை அவர்மீது சுமத்துவது முறையன்று என்பது நம் கருத்து.

அறுவைக்கு முன்பே மயக்க மருந்து மருத்துவரிடம் இவ்வசதி உண்டா எனக் கேளுங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இராது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவராயின் மறைக்காமல் கூறுங்கள். குழாய் முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருக்கும். புரட்டிப் படுக்க வைக்கையில் இழுத்துவிடலாகாது. நாக்கு மரத்தல், வாயில் உலோகச் சுவை, காதிரைச்சல், தலைச்சுற்று ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே செவிலியரை அழையுங்கள். மருந்து மிகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். தோள்பட்டை நோவை இக்குழாய் தீர்ப்பதில்லை. அது உதரவிதான நரம்பின் வழியே வருவது, அதற்கு வேறு மாத்திரை தருவார்கள். குழாயை எடுக்கும்போது தையல் தேவையில்லை. ஒரு சிறு கட்டு போதும்.