திட்டு வாங்கக் காசு!

ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறீர்கள். பரிமாறுகிறவர் உறுமுகிறார். "உட்கார்!" என்று அதட்டுகிறார். கோபம் வருமா, வராதா?

டெட்டெனிட்சே என்ற ஊரில் யாரும் கோபிப்பது இல்லை. சிரிக்கிறார்கள்!

இந்த ஊர் செக் நாட்டில் இருக்கிறது. தலைநகரான பிராக்கில் இருந்து காலையில் வந்து, இரவில் திரும்பலாம்.

முதலில் மாளிகை. ஒரு காலத்தில் இது கோட்டை. பிறகு மாளிகையாக மாற்றிக் கட்டினார்கள்.

அடுத்து, பீர் காய்ச்சும் இடம். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊற வைக்கிறார்கள். அந்தச் சாற்றில் 'ஹாப்' என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். பீருக்குக் கசப்பு தருவது அந்தப் பூதான். ஆறியதும் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். இங்கே இன்றும் விறகு அடுப்புதான்!

இரவில் விருந்து. எல்லாம் பல நூறு ஆண்டுகளுக்கு முந்திய காலம் போல! தரையில் வைக்கோல். மெழுகுவர்த்தி வெளிச்சம். கையால் சாப்பிட வேண்டும். நமக்கு அது பழக்கம், அவர்களுக்குப் புதுமை! கத்திச் சண்டை, நெருப்பு வித்தை உண்டு. நடுநடுவே பரிமாறுகிறவரின் ஏச்சு. அதுவும் நடிப்புதான்.

பிரபுக்கள் காலத்தில் அது நடிப்பு அல்ல. ஊரை விட்டுப் போகவும், கல்யாணம் செய்யவும் குடியானவன் பிரபுவிடம் உத்தரவு கேட்க வேண்டும். 1781-ம் ஆண்டு இரண்டாம் ஜோசப் மன்னர் அந்தத் தளையை நீக்கினார். ஆனாலும், பிரபுவுக்குக் கட்டாய வேலை செய்யும் கொடுமை 1848-ல்தான் ஒழிந்தது.

இன்று ஏச்சு வாங்கியவர்கள், விருந்து முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அன்றைய குடியானவனுக்கு அந்தப் பஸ் வரவே இல்லை.