குனிந்து பார்க்கும் கேமரா

டிஜிட்டலிலேயே தொழில் பழகிய போட்டோகிராபர்கள் இப்போது யாஷிகா மேட், ரோலைஃபிளெக்ஸ், ஹாசல்பிளாட், மாமியா ஆர்பி 67 என்று பழைய மீடியம் ஃபார்மட் கேமராக்களைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். கையில் இருப்பதோ நொடிக்கு இருபது படம் எடுக்கும் இயந்திரம். வாங்குவதோ ஒரு ரோலுக்குப் பத்துப் பன்னிரண்டு படம் தரும் பெட்டி. காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் வரும். படத்தின் தரமே தனி என்பது ஒன்று. அவசரம் போய் நிதானம் வருகிறது என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஆதாயத்தை வேறு எங்கோ தேடுகின்றன என்பது என் கட்சி. கேமராவை உடம்பில் எங்கே வைத்துப் பிடிக்கிறோம், எதிரில் இருப்பவருக்கு நம் முகம் தெரிகிறதா என்பதில்தான் இந்தக் கேமராக்களின் பலன் இருக்கிறது.

முதலில் தரத்தைப் பார்த்துவிடலாம். கோடாக் 1901-இல் தன் பிரவுனி கேமரா ஒன்றுக்காகக் கொண்டுவந்த 120 ரோல்தான் இன்றும் விற்கிறது. அதில் 6×6 என்று பேச்சுவழக்கில் சொல்லும் கட்டம் உண்மையில் 56-க்கு 56 மி.மீ.; பரப்பு 3136 சதுர மி.மீ. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் கட்டம் 24-க்கு 36, பரப்பு 864. மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். பதினாறு அங்குலச் சதுரப் பிரிண்ட் போட வேண்டுமானால் பெரிய நெகட்டிவை ஏழு மடங்கு பெருக்கினால் போதும். சின்ன நெகட்டிவில் சதுரமாக வெட்டி எடுத்தால் பதினேழு மடங்கு பெருக்க வேண்டும், கிரெயினும் கூடவே பெருகும். ஃபிலிமோடு ஃபிலிமை ஒப்பிட்ட காலத்தில் இது மறுக்க முடியாத வாதம். இன்று நிலைமை வேறு. நல்ல 45 மெகாபிக்சல் கேமரா, வீட்டு ஸ்கேனரில் ஏற்றிய 6×6 நெகட்டிவை நுணுக்கத்தில் பெரும்பாலும் மிஞ்சிவிடும். பின்னணி பாலாடை போலக் கரைகிறது என்று சிலாகிக்கிறார்களே, அதற்கும் கணக்கு உண்டு. 6×6-இல் 80 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் தரும் பார்வையும் மங்கலும், ஃபுல் ஃபிரேம் டிஜிட்டலில் ஏறக்குறைய 44 மி.மீ. எஃப் 1.5 தருவதற்குச் சமம். எந்தக் கடையிலும் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. வெளிச்சம் மிகுந்த பகுதிகள் வெள்ளையாகச் செத்துப்போகாமல் மெல்ல அடங்குவது உண்மைதான். ஆனால் அது கலர் நெகட்டிவின் குணம், 35 மி.மீ. ரோலிலும் கிடைக்கும். தரத்துக்காக மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல் எடையுள்ள மாமியாவைத் தோளில் சுமப்பவர், 1975-இல் ஜெயித்த வழக்கை இன்று மறுபடி வாதாடுகிறார்.

இனி கேமராவைப் பிடிக்கும் விதத்துக்கு வருவோம். மீடியம் ஃபார்மட் கேமராக்களில் பலவற்றின் மேல்மூடியைத் திறந்தால் ஒரு சின்னப் புகைக்கூண்டு போல நான்கு தகடுகள் எழுந்து நிற்கும். அதன் அடியில் சொரசொரப்பான கண்ணாடி, அதன்மேல் படம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃப்ராங்கே அண்ட் ஹைடெக்கே நிறுவனம் 1929-இல் வெளியிட்ட ரோலைஃபிளெக்ஸ் இந்த வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ். கீழ் லென்ஸ் படம் எடுக்கும். மேல் லென்ஸின் ஒளி 45 டிகிரி கண்ணாடியில் பட்டு மேலே திரும்பிப் பார்வைத் திரையில் விழும். படம் நேராக நிற்கும், ஆனால் இடவலம் மாறியிருக்கும். எதிரில் இருப்பவர் இடப்பக்கம் நகர்ந்தால் திரையில் வலப்பக்கம் போவார். பழகாத கை முதல் ரோல் முழுக்கத் தப்பான பக்கமாகவே கேமராவைத் திருப்பும். இதைவிட முக்கியம், படம் எடுப்பவர் கேமராவை வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, இரண்டு கண்ணாலும் திரையைப் பார்க்கிறார். குவியம் சரியானதும் நிமிர்ந்து எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடியே ஷட்டரை அழுத்தலாம். இரட்டை லென்ஸ் கேமராவில் அந்த நொடியில் திரை இருளாது, கண்ணாடி எகிறும் சத்தம் கிடையாது. ஒரு மெல்லிய 'டிக்', அவ்வளவுதான். 1957-இல் வந்த ஹாசல்பிளாட் 500சி ஒற்றை லென்ஸ்காரி; அதில் படம் எடுத்ததும் திரை இருண்டுவிடும், பிடியைச் சுற்றி அடுத்த ஃபிரேமுக்குப் போகும்வரை இருட்டுதான். அப்போது போட்டோகிராபருக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. நிமிர்ந்து மனிதரைத்தான் பார்த்தாக வேண்டும்.

இதற்கான சாட்சி படங்களிலேயே இருக்கிறது. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே தெருக்களைப் படமெடுத்த விவியன் மையர், கடைக் கண்ணாடிகளிலும் நிலைக்கண்ணாடிகளிலும் தன்னையே நிறைய எடுத்துக்கொண்டார். அந்தப் படங்களில் ரோலைஃபிளெக்ஸ் நெஞ்சுக்கு அருகில் இருக்கிறது. முகம் முழுசாகத் தெரிகிறது. கண்ணில் கேமராவை ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் எடுக்கும் தற்படத்தில் முகத்தில் பாதி இரும்பாகிவிடும். மையரின் தெருப் படங்களில் நிற்கும் பெரியவர்கள் கொஞ்சம் உயர்ந்து, கட்டடங்களையும் ஆகாயத்தையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தெரிகிறார்கள். அவர் எடுத்த பல குழந்தைகளோ நேருக்கு நேர் பார்க்கிறார்கள். வளர்ந்த ஒருவரின் வயிற்று உயரம் குழந்தையின் கண் உயரம். உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் அது தொலைவில்லை. போட்டோகிராபர் டயான் ஆர்பஸ் 1962 வாக்கில் 35 மி.மீ. கேமராவை விட்டு ரோலைஃபிளெக்ஸுக்கு மாறினார். அதற்குப் பிறகு வந்த சதுரப் படங்களில் மனிதர்கள் தப்பிக்கப் பார்ப்பதில்லை, நின்று பார்க்கிறார்கள். இந்த மாற்றத்துக்குக் கேமரா மட்டுமே காரணம் என்று சொல்வது அவருடைய துணிச்சலைத் திருடுவதாகும். ஆனாலும் எதிரே நிற்பவருக்குப் படம் எடுப்பவரின் முகம் தெரிவதும் தெரியாததும் ஒன்றே என்று யாரும் சாதிக்க முடியாது. இதன் எல்லைக்கே போனது ஒரு ஹாசல்பிளாட்: 1969-இல் நிலவில் ஆம்ஸ்ட்ராங் நெஞ்சில் மாட்டியிருந்த கேமராவில் பார்க்கும் திரையே கிடையாது. உடம்பைத் திருப்பித்தான் குறி வைத்தார்கள். ஆல்ட்ரினின் புகழ்பெற்ற படத்தில் தலைக்கவசத்துக்கு மேலே இடமே இல்லாமல் போனது அதனால்தான். பிறகு கறுப்பு வானத்தை மேலே ஒட்டி வெளியிட்டார்கள்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். முகம் காட்டும் கேமரா என்று புகழ்கிறீர்களே, இதே கேமராதானே திருட்டுத்தனமாகப் படம் எடுக்கவும் வசதி? வயிற்றருகே பெட்டியை வைத்துக் கீழே குனிந்து நிற்பவர் எதையோ சரிசெய்கிறார் என்றுதான் வழிப்போக்கர் நினைப்பார். மையரின் சில படங்களில் இருப்பவர்களுக்குத் தாங்கள் எடுக்கப்பட்டதே தெரியாது. இந்தக் குற்றச்சாட்டை என்னால் தள்ளிவிட முடியவில்லை. குனிந்த தலை பணிவாகவும் இருக்கலாம், மறைப்பாகவும் இருக்கலாம். ஆனால் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துபவர் அந்தக் கணத்திலேயே தன்னை அறிவித்துவிடுகிறார் என்பதும், அறிவித்த கையோடு முகத்தை மூடிக்கொள்கிறார் என்பதும் உண்மை. பேச்சு கொடுத்து, சம்மதம் வாங்கி, எதிரே உட்கார்த்தி வைத்து எடுக்கும் உருவப்படத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அங்கே மறைப்புக்கு வேலை இல்லை. பேச்சு அறுந்துபோகாமல் இருப்பதுதான் லாபம். தெருவில் எடுப்பவரின் மனச்சாட்சியை எந்தப் பார்வைத் திரையும் தீர்த்துவைக்காது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. மடக்கித் திருப்பும் திரை இன்று பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களில் இருக்கிறது. வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்க அறுபது வருடத்துப் பெட்டி எதற்கு? கோணத்தைப் பொறுத்தவரை இதற்கு மறுமொழி கிடையாது; மடக்குத் திரை ரோலைஃபிளெக்ஸின் நேரடி வாரிசு. வித்தியாசம் ஷட்டரை அழுத்திய பிறகு தொடங்குகிறது. டிஜிட்டல் திரை எடுத்த படத்தை உடனே காட்டுகிறது. போட்டோகிராபரின் கண் மனிதரிடமிருந்து விலகி அவருடைய பிம்பத்துக்குப் போகிறது. ஹிஸ்டோகிராம் சரியா, கண்ணில் ஷார்ப்பா, வெள்ளைச் சட்டை வெளுத்துவிட்டதா? எதிரில் இருப்பவரும் சும்மா இருக்கமாட்டார். "எப்படி வந்திருக்கு, காட்டுங்க சார்" என்று எழுந்து வருவார். பார்த்துவிட்டுத் தாடையை உள்ளிழுத்து, சிரிப்பைக் குறைத்து, தன்னைத் தானே திருத்திக்கொண்டு மறுபடி உட்காருவார். அதற்குப் பிறகு வரும் படங்கள் எல்லாம் முதல் படத்துக்கு எழுதிய பிழைதிருத்தங்கள்.

ஃபிலிம் இந்தச் சோதனையைத் தடுப்பதோடு நிற்பதில்லை; அதைத் தேவையில்லாமலும் ஆக்குகிறது. கலர் நெகட்டிவ், கோடாக் போர்ட்ரா 400 போன்றது, ஓரிரு ஸ்டாப் வெளிச்சம் கூடினாலும் தாங்கும்; குறைந்தால்தான் நிழல்கள் சேறாகும். டிஜிட்டலில் நிலைமை தலைகீழ்: குறைவை மீட்கலாம், வெளுத்தது போனது போனதுதான். அதனால் டிஜிட்டலில் வளர்ந்தவர் வெளுப்புக்குப் பயந்து குறைத்தே எடுக்கும் பழக்கத்தோடு ஃபிலிமுக்கு வந்து முதல் ரோலைக் கெடுத்துக்கொள்கிறார். நிழலுக்கு மீட்டர் பார்த்து, சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டிவிடு என்பதே நெகட்டிவின் பாடம். அது மனதில் ஊறிவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் சரிபார்க்க வேண்டிய பதற்றம் போய்விடும். கண் எதிரில் இருப்பவரிடமே நிற்கலாம். ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்தத் தாராளம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஃபியூஜி வெல்வியாவில் அரை ஸ்டாப் பிசகினாலும் தெரியும். கண்ணில் வைத்துப் பார்க்கும் மீடியம் ஃபார்மட் கேமராக்களும் உண்டு. பென்டாக்ஸ் 67-ஐப் பெரும்பாலும் அப்படித்தான் பிடிப்பார்கள். மாமியா 7-க்கு வேறு வழியே கிடையாது. அவற்றில் பெரிய நெகட்டிவ் கிடைக்கும். நான் சொல்லும் பலன் கிடைக்காது.

பன்னிரண்டு ஃபிரேம் தரும் நிதானத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அதன் பெரும்பகுதி பர்ஸிலிருந்து வருகிறது. கலர் ரோலின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் செலவு மூன்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு நூறு ரூபாயைத் தாண்டும். காசு போகும் பயத்தில் வரும் கவனத்தைக் கலை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. காசுள்ளவர் அதே கேமராவில் அலட்சியமாகவும் எடுப்பார்.

செலவை விடப் பெரிய கவலை, பொருள் தொடர்ந்து கிடைக்குமா என்பது. இல்ஃபோர்ட் 2004-இல் நொடித்து, மறு ஆண்டு ஹார்மன் என்ற பெயரில் எழுந்தது. கோடாக் 2012-இல் திவாலானது. இருந்தும் இரண்டின் ஃபிலிமும் வருகின்றன. 2018-இல் எக்டாகுரோம் திரும்பி வந்து, அடுத்த ஆண்டு 120 அளவிலும் கிடைத்தது. இரட்டை நீளமுள்ள 220 ரோல் மட்டும் அரிதாகிவிட்டது. நம் ஊரில் இந்த நிச்சயமின்மை இன்னும் அதிகம். உதகையில் 1960-இல் அமைந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்துகொண்டிருந்தது. அந்த ஆலை மூடிவிட்டபடியால் கறுப்பு வெள்ளை ரோலுக்கும் இறக்குமதியைத்தான் நம்ப வேண்டும். கேமராக்கள் நிலையும் அதுதான். ஹாசல்பிளாட் 500 வரிசையின் தயாரிப்பு 2013-இல் நின்றது. யாஷிகா மேட் 124ஜி அதற்கும் வெகு முன்னால். உதிரி பாகம் என்றால் இன்னொரு பழுதான கேமராவைப் பிரிப்பதுதான்.

ஆகவே வாங்க நினைப்பவர் பெயருக்கு மயங்காமல் ஒரு சாதாரண இரட்டை லென்ஸ் கேமராவைப் பார்க்கலாம். ஒரு நொடி, அரை நொடி வேகங்களில் ஷட்டர் திக்காமல் ஓடுகிறதா, லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, பார்வைத் திரை ஓரங்களிலும் வெளிச்சமாக இருக்கிறதா என்பதைக் கடையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். திருமணம், கிரிக்கெட், பறவை எடுப்பவர்களுக்கு இது உதவாது. ஃபிலிமுக்கே கட்டுப்படியாகாதவர் மடக்குத் திரையை வயிற்றருகே விரித்து, படம் எடுத்ததும் காட்டும் வசதியை மெனுவில் அணைத்துவிட்டு, ஒருவரை எதிரே உட்கார்த்தி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே எடுத்துப் பார்க்கலாம். அப்போதும் கை தானாகப் பிளே பட்டனுக்குப் போகும். அடக்க முடியாதவர்கள்தான் ரோலுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.