செல்போன் தொலைந்துவிட்டதா? பணத்தைக் காக்க முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை என்ன?

செல்போன் திருடு போனாலோ, எங்கேனும் தவறவிடப்பட்டாலோ பலரும் முதலில் வருந்துவது அந்தக் கருவியின் விலையை எண்ணித்தான். ஆனால், கைநழுவிப் போன செல்போனைக் காட்டிலும் அதற்குள் இருக்கும் சிறிய சிம் அட்டைதான் அதிக இழப்பை ஏற்படுத்தக்கூடியது. வங்கிக் கணக்கு, யுபிஐ, மின்னஞ்சல், ஆதார், வாட்ஸ்அப் என அன்றாட வாழ்வின் பெரும்பாலான சேவைகளுக்கான ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த ஒரே எண்ணுக்குத்தான் வருகிறது.

எனவே, செல்போன் தொலைந்த உடனேயே செய்ய வேண்டிய பணிகளையும், அவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொரு பயனரும் அறிந்திருப்பது அவசியம். அதைவிட முக்கியமாக, செல்போன் கையில் இருக்கும்போதே செய்து வைக்க வேண்டிய சில ஏற்பாடுகளும் உள்ளன. அவற்றைப் பற்றிய விளக்கம் இதோ:

பூட்டிய செல்போன் பாதுகாப்பானதா?

திரைப் பூட்டு இருப்பதால் திருடியவரால் எதுவும் செய்ய முடியாது என்று பலரும் நம்புகின்றனர். இது பாதி உண்மை மட்டுமே. திரைப் பூட்டு செல்போனைக் காக்கும். சிம் அட்டையைக் காக்காது. சிம் அட்டையைக் கழற்றி வேறொரு செல்போனில் பொருத்தினால், அந்த எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகள் அனைத்தும் புதிய செல்போனுக்கு வந்து சேரும்.

கைப்பையோடு செல்போனும் டெபிட் கார்டும் சேர்ந்து திருடு போகும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கங்கள், அதன் காலாவதித் தேதி, எண்ணுக்கு வரும் ஓடிபி ஆகியவற்றைக் கொண்டு யுபிஐ ரகசிய எண்ணைப் புதிதாக அமைக்க முடியும். வங்கிகள் இதற்குக் கூடுதலாக ஏடிஎம் ரகசிய எண்ணையும் கேட்பதுண்டு. கார்டின் புகைப்படத்தைச் செல்போனிலேயே சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

முதல் பணி: தொலைவிலிருந்தே பூட்டுதல்

உடனிருப்பவரின் செல்போனிலிருந்து தொலைந்த எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்க்கலாம். பதில் இல்லையெனில், அடுத்த சில நிமிடங்களில் கருவியைத் தொலைவிலிருந்தே பூட்ட வேண்டும். ஆண்ட்ராய்டு செல்போன்களுக்குக் கூகுளின் 'ஃபைண்ட் ஹப்' சேவையும், ஐபோன்களுக்கு ஆப்பிளின் 'ஃபைண்ட் மை' சேவையும் இதற்கு உதவுகின்றன. இவற்றின் மூலம் செல்போன் இருக்கும் இடத்தை வரைபடத்தில் காணவும், ஒலி எழுப்பச் செய்யவும், பூட்டவும், தகவல்களை அழிக்கவும் முடியும்.

இங்கு பலர் தடுமாறுவது உண்டு. வேறொருவரின் செல்போனிலிருந்து கூகுள் கணக்கில் நுழைய முயன்றால், உறுதிப்படுத்தும் செய்தி தொலைந்துபோன செல்போனுக்கே செல்லக்கூடும். இத்தகைய நேரத்தில் கூகுளின் 'ரிமோட் லாக்' வசதி கைகொடுக்கும். இதில் கூகுள் கடவுச்சொல் தேவையில்லை. செல்போன் எண்ணை உள்ளிட்டாலே கருவியின் திரையைப் பூட்டிவிடலாம். ஆண்ட்ராய்டு 10 மற்றும் அதற்குப் பிந்தைய பதிப்புகளில் கிடைக்கும் இந்த வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும்.

தகவல்களை முழுமையாக அழிக்கும் கட்டளையை அவசரப்பட்டு அளிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு செல்போனை அழித்துவிட்டால் அதன் இருப்பிடத்தை அதன்பின் அறிய முடியாது. செல்போன் திரும்பக் கிடைக்காது என்று உறுதியான பிறகு அந்த முடிவை எடுக்கலாம்.

இரண்டாவது பணி: சிம் முடக்கம்

கருவியைப் பூட்டும் முயற்சிக்குச் சில நிமிடங்களுக்கு மேல் செலவிடாமல், அடுத்து சிம் அட்டையை முடக்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்து, எண்ணுக்கு உரியவரின் விவரங்களைத் தெரிவித்தால் சிம் முடக்கப்படும். இரண்டு சிம் அட்டைகள் இருந்தால் இரண்டையும் முடக்க வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தொலைவிலிருந்து அனுப்பும் பூட்டுக் கட்டளை செல்போனைச் சென்றடைய அதில் இணைய இணைப்பு இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இணைப்பு சிம் அட்டையின் வழியாகவே கிடைக்கிறது. சிம்மை முதலில் முடக்கினால் பூட்டும் வாய்ப்பும், இருப்பிடம் அறியும் வாய்ப்பும் பறிபோகலாம். எனினும் டெபிட் கார்டும் சேர்ந்து தொலைந்திருந்தாலோ, செல்போன் ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்தாலோ சற்றும் தாமதிக்காமல் சிம்மை முடக்குவதே சரியானது.

மூன்றாவது பணி: வங்கியும் வாட்ஸ்அப்பும்

சிம் முடக்கப்பட்டதும் கணக்கு உள்ள ஒவ்வொரு வங்கியையும் அழைத்து, யுபிஐ, மொபைல் வங்கிச் சேவை, கார்டுகள் ஆகியவற்றை நிறுத்தி வைக்குமாறு கோர வேண்டும். புகார் எண்ணையும் அழைத்த நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். பின்னர் இழப்பீடு கோரும்போது இவையே சான்றாகும்.

யுபிஐ லைட் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இதில் ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இன்றியே பணம் செலுத்த முடியும். அதிகபட்சமாக 5,000 ரூபாய் வரை இதில் இருப்பு வைக்க அனுமதி உண்டு. திரை திறந்த நிலையில் செல்போன் பறிக்கப்பட்டால் முதலில் கரைவது இந்தத் தொகையாகத்தான் இருக்கும்.

சிம் முடக்கப்பட்டாலும் தொலைந்த செல்போனில் உள்ள வாட்ஸ்அப் வைஃபை மூலம் தொடர்ந்து இயங்கக்கூடும். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவசரத் தேவை என்று கூறிப் பணம் கேட்கும் மோசடிக்கு இது வழிவகுக்கும். எனவே, செல்போன் தொலைந்த செய்தியை நெருங்கியவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். நகல் சிம் கிடைத்ததும் வேறொரு செல்போனில் அதே எண்ணில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தால், பழைய செல்போனில் அது தானாக வெளியேறிவிடும்.

நான்காவது பணி: காவல் புகாரும் கருவி முடக்கமும்

அடுத்து காவல்துறையில் புகார் அளித்து அதன் நகலைப் பெற வேண்டும். தொலைந்த பொருட்கள் குறித்து இணையவழியில் புகார் அளிக்கும் வசதி பல மாநிலங்களில் உள்ளது. இந்தப் புகாரின் அடிப்படையில், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலோ, 2025 ஜனவரியில் அறிமுகமான அதன் செயலியிலோ கருவியை முடக்கக் கோரலாம்.

ஒவ்வொரு செல்போனுக்கும் ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க அடையாள எண் உண்டு. இரண்டு சிம் செல்போன்களில் இத்தகைய எண்கள் இரண்டு இருக்கும். இந்த எண்களைத் தொகுத்துப் பராமரிக்கும் சிஇஐஆர் என்ற மத்தியப் பதிவேடு, 2019-ல் மகாராஷ்டிரம், கோவா உள்ளிட்ட பகுதிகளில் சோதனை முறையில் தொடங்கப்பட்டு, 2023 மே மாதம் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது. இதில் கோரிக்கை பதிவானதும் 24 மணி நேரத்துக்குள் அந்தச் செல்போன் முடக்கப்படும். அதன்பின் நாட்டின் எந்த நிறுவனத்தின் சிம்மைப் பொருத்தினாலும் அது இயங்காது. யாரேனும் அதைப் பயன்படுத்த முயன்றால் அந்தத் தகவல் காவல்துறைக்குக் கிடைக்கும்.

இதற்குத் தொலைந்த எண்ணுக்கான நகல் சிம் தேவை. ஏனெனில் சரிபார்ப்புக்கான ஓடிபி அந்த எண்ணுக்கே வரும். ஆனால், பாதுகாப்பு கருதி, நகல் சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படுகிறது. ஓடிபி வரவில்லை என்று பதற்றமடையத் தேவையில்லை. அதே நேரத்தில், நகல் சிம் கிடைத்த பின் வங்கியைத் தொடர்பு கொள்ளலாம் என்று காத்திருப்பது பெரும் தவறாகிவிடும்.

செல்போன் திரும்பக் கிடைத்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவித்த பின், கோரிக்கை எண்ணைக் கொண்டு அதே தளத்தில் முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.

போலிச் செய்தி எச்சரிக்கை

செல்போன் தொலைந்த சில நாட்களில், "உங்கள் ஐபோன் கண்டுபிடிக்கப்பட்டது; இருப்பிடத்தை அறிய இங்கே சொடுக்கவும்" என்பது போன்ற குறுஞ்செய்தி வரக்கூடும். ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைப் பறிக்கவே இத்தகைய செய்திகள் அனுப்பப்படுகின்றன. கணக்குடன் இணைந்திருக்கும் வரை ஐபோனை வேறொருவர் தமதாக்கிக்கொள்ள முடியாது என்பதே இதன் பின்னணி. எந்தச் சூழலிலும் கடவுச்சொல்லைப் பகிரவோ, தொலைந்த ஐபோனைக் கணக்கிலிருந்து நீக்கவோ கூடாது.

பணம் பறிபோனால் என்ன செய்வது?

கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது தெரியவந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன்பே தகவல் அளித்தால், அதை இடையிலேயே நிறுத்தி வைக்க முடியும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் மதிப்புமிக்கது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த விஷயத்தில் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. வங்கியின் மீதோ வாடிக்கையாளரின் மீதோ தவறு இல்லாத நிலையில் நடந்த முறைகேடான பரிவர்த்தனையை, அது குறித்த தகவல் வங்கியிலிருந்து வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர் எந்த இழப்பையும் ஏற்க வேண்டியதில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் குறிப்பிட்ட வரம்பு வரை இழப்பை ஏற்க நேரிடும். ரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவு வாடிக்கையாளரிடம் இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியையே சாரும்.

இன்றே செய்து வைக்க வேண்டியவை

மேற்கண்ட பணிகள் யாவும் எளிதாக அமைவது முன்னேற்பாட்டைப் பொறுத்தே உள்ளது. பின்வருவனவற்றைச் செய்து முடிக்க அரை மணி நேரம் போதும்.

1. *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் ஐஎம்இஐ எண்களைத் தாளில் எழுதி வைக்கவும். செல்போன் வாங்கிய ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்தவும்.

2. சிம் பூட்டை இயக்கவும். ஆண்ட்ராய்டில் பாதுகாப்பு அமைப்புகளிலும், ஐபோனில் மொபைல் டேட்டா அமைப்புகளிலும் இந்த வசதி இருக்கும். இதன்பின் வேறு செல்போனில் சிம்மைப் பொருத்தினால் ரகசிய எண் கேட்கப்படும். நிறுவனம் அளித்த தொடக்க ரகசிய எண் என்ன என்பதை வாடிக்கையாளர் சேவையில் கேட்டறிந்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். ஊகித்து உள்ளிடக் கூடாது. 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க நிறுவனம் வழங்கும் 8 இலக்க பியுகே எண் தேவை. அதையும் 10 முறை தவறாக உள்ளிட்டால் சிம் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும்.

3. திரை பூட்டியிருக்கும்போது குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதவாறு அறிவிப்பு அமைப்புகளை மாற்றவும்.

4. ஆண்ட்ராய்டில் திருட்டுப் பாதுகாப்பு வசதிகளை இயக்கவும். செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்தால் திரையைத் தானாகப் பூட்டும் வசதியும் இதில் அடங்கும். ஐபோனில், 2024 ஜனவரியில் வெளியான ஐஓஎஸ் 17.3 பதிப்பு முதல் 'திருடப்பட்ட கருவிப் பாதுகாப்பு' கிடைக்கிறது. வழக்கமான இடங்களுக்கு வெளியே கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால், முகம் அல்லது விரல்ரேகைச் சரிபார்ப்புடன் ஒரு மணி நேரக் காத்திருப்பும் அவசியமாகும்.

5. கூகுள் கணக்குக்கான மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிக்கொள்ளவும். செல்போன் கையில் இல்லாதபோதும் கணக்கில் நுழைய இவை உதவும். வங்கிகளின் உதவி எண்களையும், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எண்ணையும் அதே தாளில் குறித்து வீட்டில் வைக்கவும்.

6. டெபிட் கார்டு படங்களையும், குறிப்புச் செயலியில் எழுதி வைத்துள்ள ரகசிய எண்களையும் நீக்கவும். செல்போன் உறைக்குள் கார்டைச் செருகி வைக்கும் பழக்கத்தைக் கைவிடவும்.

பழைய செல்போன் வாங்குவோர் கவனத்துக்கு

திருடப்பட்ட செல்போன்கள் பெரும்பாலும் பழைய செல்போன் சந்தைக்கே வருகின்றன. எனவே, பணம் கொடுக்கும் முன் கேஒய்எம் என்ற ஆங்கில எழுத்துகளுடன் சிறிது இடைவெளி விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைத் தட்டச்சு செய்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதன் நிலையை அறியலாம். சஞ்சார் சாத்தி செயலியிலும் இதைச் சரிபார்க்க முடியும். முடக்கப்பட்டது என்று பதில் வந்தால் அதை வாங்கக் கூடாது. ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது, 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாகும்.

வீட்டில் உள்ள முதியவர்களின் செல்போன்களிலும் இந்த ஏற்பாடுகளைச் செய்து தருவது குடும்பத்தினரின் பொறுப்பு. ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு பெரும்பாலும் அவர்களது செல்போன் எண்ணுடன்தான் இணைக்கப்பட்டிருக்கும். செல்போன் தொலைந்தால் யாரை முதலில் அழைப்பது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.