பழைய பேனாவைத் திறந்து பாருங்கள்

பழைய பேனா சேர்க்க ஆசைதான், ஆனால் அது வசதி உள்ளவர்கள் செய்கிற காரியம் என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். தங்க நிப்பு, ஏலம், கண்ணாடிப் பெட்டி என்று எதையோ மனத்தில் வைத்துக்கொண்டு தயங்குகிறார்கள். என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் பரீட்சை எழுதிய பிள்ளைகளும் வைத்திருந்த பேனாக்கள். மேசை டிராயரிலிருந்தும் காயலான் கடையிலிருந்தும் பழைய ஸ்டேஷனரிக் கடைகளின் மேல் தட்டிலிருந்தும் வந்தவை. பலவும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்தவை. இவற்றுக்கென்று ஒரு பெருமை உண்டு. வைத்திருப்பவரே திறந்து பார்த்து, புரிந்துகொண்டு, சுத்தம் செய்து எழுதலாம்.

நான் கும்பகோணத்தில் பத்திர எழுத்தராக இருந்தவன். கணினி வருவதற்கு முன் கிரயமோ அடமானமோ பாகப்பிரிவினையோ, முத்திரைத்தாளில் கையால்தான் எழுதுவோம். சர்வே எண்ணும் நான்கெல்லையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் வர வேண்டும். ஒரு சொட்டு மை விழுந்தாலும் தாள் பாழ். அதனால் பேனாவைக் கையில் எடுத்ததும் அது எப்படி நடந்துகொள்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அழகு அதற்குப் பிறகு.

மை இறங்க, காற்று ஏற

நிப்பின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையை நாங்கள் நாக்கு என்போம். அதன் மேல்புறத்தில் மெல்லிய வாய்க்கால் ஒன்று ஓடும். அதன் வழியாக மை கீழே இறங்கும்போது, இறங்கிய மையின் இடத்தை நிரப்பக் காற்று மேலே ஏறும். காற்று ஏறாவிட்டால் மை வராது. அளவுக்கு மீறி ஏறினால் மை கொட்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சீராக்கிய நாக்குக்குத்தான் 1884இல் நியூயார்க்கில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கினார். நாக்கின் ஓரத்தில் வரிசையாக வெட்டியிருக்கும் பள்ளங்கள் மிகுதியான மையைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இது விளங்கிவிட்டால் பேனாவின் பாதி நோய்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். 'எழுத மாட்டேன் என்கிறது' என்று தூக்கிப்போட்ட பேனாக்களில் பலவற்றுக்கு வாய்க்காலில் காய்ந்த மைதான் குறை. சாதாரணத் தண்ணீரில் நிப்பை ஊறவைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கி, நிறமில்லாமல் வரும்வரை கழுவினாலே போதும். வெந்நீர் கூடாது, பழைய எபோனைட்டும் செல்லுலாய்டும் வளைந்துவிடும். ஸ்பிரிட்டும் கூடாது; அது செல்லுலாய்டைக் கரைக்கும்.

நம் பக்கத்து எபோனைட்

ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால் கட்டை போல் கடினமாகும். அதுதான் எபோனைட். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் குட்இயர் சகோதரர்கள் கண்ட வழி இது. தண்டு வடிவில் வருவதைக் கடைசல் பிடித்து, உள்ளே துளையிட்டு, மரையிட்டால் பேனாவின் உடல் தயார். பெரிய அச்சுகளோ ஆலையோ வேண்டாம் என்பதால் இந்தியாவில் சிறு பட்டறைகளிலேயே நல்ல பேனாக்கள் பிறந்தன.

அவற்றில் பேர்போனது ராஜமுந்திரியின் ரத்னம் பேனா. 1935இல் காந்தி அந்தப் பேனாவால் எழுதிப் பார்த்துவிட்டு, அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்று அதைச் செய்த ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். பேனாவைக் காந்தியிடம் சேர்த்தவர் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர் என்பதால் எங்கள் வட்டாரத்துக்காரர் என்று எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. திருவள்ளூரின் ரங்கா பேனாக்களும் இதே கடைசல் வழியில் வந்தவைதான்.

இந்தப் பேனாக்களின் கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் உடலுக்குள் நேராக மை ஊற்ற வேண்டும். நிறைய மை பிடிக்கும், நாள்கணக்கில் எழுதும். ஆனால் மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ள, தாளில் சொட்டு விழும். எபோனைட் சுவர் தடிமனாக இருந்தால் சூடு சீக்கிரம் உள்ளே ஏறாது. கால்வாசிக்குக் கீழே போவதற்கு முன் நிரப்பிவிடுவது எங்கள் வழக்கம். கழுத்து மரையில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவினால் கசிவும் நிற்கும்.

எபோனைட்டா என்று கண்டுபிடிக்கக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ரப்பரும் கந்தகமும் கலந்த வாசனை வரும். செல்லுலாய்டாக இருந்தால் கற்பூர வாசனை. வெயில் பட்ட கறுப்பு எபோனைட் பழுப்பேறும். அது முதுமையின் நிறம். எழுத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த உடலை நெடுநேரம் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், நிறம் மேலும் போகும்.

ஹீரோவும் அதன் மூத்ததும்

ஒரு காலத்தில் நம் சட்டைப் பைகளில் மின்னிய ஷாங்காய் ஹீரோ பேனாவை நினைவிருக்கும். உலோக மூடி, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும் நிப்பு. அந்த உருவம் 1941இல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51இன் வழியில் வந்தது. எழுதிய உடனே உலரும் மை ஒன்றைப் பார்க்கர் உருவாக்கியிருந்தது. அந்த மை நிப்பிலேயே உலர்ந்துவிடாதிருக்க நிப்புக்கு முக்காடு போட்டார்கள். அது உடலை அரிக்காதிருக்க லூசைட் என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார்கள். அன்றைய விலை பன்னிரண்டரை டாலர். அந்த வசதியைச் சாதாரண மாணவனின் கைக்கும் கொண்டுவந்தது ஹீரோ.

ஹீரோவின் பின்பகுதியைக் கழற்றினால் உலோக உறைக்குள் ஒரு பையும் அழுத்தும் பட்டையும் இருக்கும். நிப்பை மையில் நன்றாக முக்கி, அழுத்தி விட்டு, ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுங்கள். பைக்குள் இருக்கும் மெல்லிய குழாய் வழியாகக் காற்று வெளியேறும். ஏறிய மை உள்ளேயே தங்கும். பல முறை அழுத்தினால்தான் நிறையும் என்பதற்கு இதுவே காரணம். அந்தப் பையை மட்டும் பிடுங்காதீர்கள். ஹீரோவில் போலிகளும் நிறைய என்பதால், பெயரை நம்பாமல் எழுதிப் பார்த்து வாங்குங்கள்.

நிப்பு மாற்றலாம்

வெளிநாட்டுப் பேனாக்களில் எனக்கு மிகப் பிடித்தது அமெரிக்காவின் எஸ்டர்புரூக் ஜே. 1940களில் வந்தது, சாமானியர் வாங்கும் விலையில் விற்றது. நிப்பும் நாக்கும் ஒரே துண்டாகத் திருகிக் கழலும். நிப்பின் மேல் எண் பொறித்திருக்கும்: 1550 கணக்கெழுத, 1551 மாணவர்களுக்கு, 2668 பொதுவான எழுத்துக்கு. கார்பன் வைத்து அழுத்தி எழுதத் தனி நிப்பு, சுருக்கெழுத்துக்குத் தனி நிப்பு. 9இல் தொடங்கும் நான்கிலக்க எண் என்றால் நுனியில் கடின உலோகப் பொட்டு வைத்திருப்பார்கள். தொழிலுக்கேற்ற நிப்பு வேண்டும் என்று எழுதிப் பிழைத்தவர்களை மதித்த நிறுவனம் அது. இதன் ரப்பர்ப் பை காலப்போக்கில் இற்றுப்போயிருக்கும். கழுத்தை இளஞ்சூடு காட்டி மெதுவாக இழுத்து, புதுப் பையை அரக்குக் கரைசலால் ஒட்டினால் மறுபடியும் எழுதும்.

வாங்கும்போது

பூதக்கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நிப்பை நேர் முன்னால் பிடித்துப் பார்த்தால் இரு பிளவுகளும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நுனிப் பொட்டு தேய்ந்து போயிருந்தால் விட்டுவிடுங்கள். மூடியின் விளிம்பிலும் கழுத்து மரையிலும் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பிறகு மையில் தோய்த்து 'ழ', 'ஞ', 'ணை' எழுதுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் நிப்பை எல்லாத் திசையிலும் தள்ளும். எந்தப் பக்கம் கீறுகிறதோ அங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

பழைய நிப்பு முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். பல்லாண்டு எழுதிய கையின் சாய்வுக்கு ஏற்ப அதன் நுனி தேய்ந்திருக்கும். "பேனாவ மட்டும் கை மாத்தாத தம்பி" என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த எழுத்தர் சொன்னது இதனால்தான். பேனாவைச் சற்றே திருப்பிப் பிடித்தால் நிப்பு இணங்கும் இடம் கிடைக்கும். முன்பின் தெரியாத ஒருவர் எப்படி உட்கார்ந்து எழுதியிருப்பார் என்பதை விரல்கள் அறிந்துகொள்ளும் அந்தக் கணத்துக்காகவே நான் பழைய பேனா வாங்குகிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரே ஒரு பேனா வாங்குங்கள். கழுவுங்கள். ஊற்றுப் பேனாவுக்கான மையை மட்டும் ஊற்றுங்கள்; டிராயிங் மை நாக்கை அடைத்துவிடும். வீட்டுக் கணக்கோ கடிதமோ, தினம் ஏதாவது எழுதுங்கள். அதன் குணம் முழுக்கப் பிடிபட்ட பிறகு இரண்டாவதைத் தேடுங்கள். எழுதிக்கொண்டே இருக்கும் பேனாவில் மை காய்வதில்லை, வாய்க்கால் அடைவதில்லை. பழைய பேனாவைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.