இரண்டாம் பாகம்: 10,291 நாள் கணக்கு

பிடித்த படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தால் ரசிகனின் கையிருப்பிலிருந்து போவது மூன்று: நாள், நிமிடம், ரூபாய். இந்தக் கணக்கு அவற்றைப் பற்றியது மட்டுமே. வசூலைச் சேர்க்கவில்லை, தயாரிப்பாளர் சொல்லும் தொகையும் விநியோகஸ்தர் சொல்லும் தொகையும் தமிழ்த் திரையுலகில் ஒத்துப்போவது அபூர்வம்.

‘இந்தியன்’ 1996 மே 9 அன்று வெளியானது. ‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12 அன்று வந்தது. இடைவெளி 28 ஆண்டு 64 நாள். மொத்தம் 10,291 நாள். வெளியானபோது இரண்டாம் படத்தின் நீளம் 180 நிமிடம். வகுத்தால், திரையில் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 57 நாள் இடைவெளி. ‘எந்திர’னுக்கும் (2010 அக்டோபர் 1) ‘2.0’வுக்கும் (2018 நவம்பர் 29) நடுவே 2,981 நாள்; அங்கே நிமிடத்துக்குச் சுமார் 20 நாள். நான்கு படங்களுக்கும் இயக்குநர் ஷங்கரே.

வயதுக் கணக்கும் உண்டு. ‘இந்தியன்’ நாயகன் சேனாபதி இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். அது உருவான 1942இல் அவருக்கு 20 வயது என்று வைத்துக்கொண்டால், 1996இல் அவருக்கு 74, 2024இல் 102. சேனாபதியாக நடித்த கமல்ஹாசன் பிறந்தது 1954 நவம்பர் 7. முதல் படம் வந்தபோது அவருக்கு 41, இரண்டாம் படத்தின்போது 69. நடிகருக்கும் பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்றும் 33, இன்றும் 33. ஆனால் 74 வயதுக்காரர் வர்மக்கலையால் ஆளை வீழ்த்தியதை நம்பிய பார்வையாளர், 102 வயதுக்காரரிடம் அதை எளிதில் நம்பவில்லை. வித்தியாசம் மாறாவிட்டாலும் கூட்டுத்தொகை மாறிவிட்டது.

‘இந்தியன் 2’க்கு முதல் நாள் நான் கொடுத்த டிக்கெட் விலை 190 ரூபாய், நிமிடத்துக்கு ரூ.1.06. வெளியான சில நாள்களுக்குள் 12 நிமிடம் வெட்டப்பட்டு, படம் 168 நிமிடமானது. அதன் பிறகு அதே 190 ரூபாய்க்குப் பார்த்தவருக்கு நிமிடம் ரூ.1.13. என் கணக்கில் வெட்டுப்பட்ட பகுதியின் மதிப்பு ரூ.12.67. 10,291 நாள் கழித்து வந்த படத்தில் எது வேண்டாம் என்று முடிவெடுக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை.

முன்கூட்டியே இரண்டாகத் திட்டமிட்ட படங்களின் கணக்கு வேறு. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. இடைவெளி 210 நாள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 330 நிமிடம். கல்கியின் நாவலுக்கு 5 பாகம். பங்கிட்டால் பாகத்துக்கு 66 நிமிடம்தான். குறைவுதான், ஆனாலும் கதை முடிந்தது. ‘விடுதலை’யின் இரு பாகங்களுக்கும் (2023 மார்ச் 31, 2024 டிசம்பர் 20) இடையே 630 நாள், ‘பொன்னியின் செல்வ’னுக்கு இயக்குநர் மணிரத்னம் எடுத்துக்கொண்டதைப் போல் சரியாக 3 மடங்கு. இரண்டிலும் முதல் பாகம் பார்த்து வெளியே வந்தவருக்குக் கதை பாதியில் நிற்பது தெரியும். அவர் காத்திருந்தார் என்று சொல்லலாம்.

இடைவெளியின் நீளம் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. ‘டிமான்ட்டி காலனி’ (2015 மே 22) இரண்டாம் பாகம் 2024 ஆகஸ்ட் 15இல் வந்தது: 3,373 நாள். ‘ஜிகர்தண்டா’வுக்கும் (2014 ஆகஸ்ட் 1) ‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ஸுக்கும் (2023 நவம்பர் 10) இடையே 3,388 நாள். வித்தியாசம் 15 நாள். முன்னது அதே கதையைத் தொட்டுத் தொடர்ந்தது. நாயகனுக்கு ஒரு இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்தது. பின்னது பழைய கதையிலிருந்து ஒரு காட்சியைக்கூடத் தொடராமல் 1970களுக்குப் போனது. எனக்கு இரண்டுமே பிடித்தன.

‘சந்திரமுகி’ 2005 ஏப்ரல் 14, ‘சந்திரமுகி 2’ 2023 செப்டம்பர் 28: 6,741 நாள். இயக்குநர் பி. வாசு திரும்பினார், வடிவேலு அதே முருகேசனாகத் திரும்பினார். ரஜினிகாந்தும் ஜோதிகாவும் இல்லை. மாறாக, ‘அரண்மனை’ வரிசையில் 2014 செப்டம்பர் 19 முதல் 2024 மே 3 வரை 3,514 நாளில் 4 படம். இடைவெளிகள் 497, 2,085, 932 நாள், சராசரி 1,171. அந்த வரிசையில் யாரும் பழைய நினைவை நம்பி டிக்கெட் எடுப்பதில்லை. புதிய பேயை நம்பி எடுக்கிறார்கள்.

கடைசியாக, முதல் எண்ணை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ‘இந்தியன் 2’ படப்பிடிப்பு தொடங்கியது 2019 ஜனவரி 18. அங்கிருந்து வெளியீடு வரை 2,002 நாள். அதில் பெருந்தொற்றும் உண்டு. 2020 பிப்ரவரி 19 இரவு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து 3 பேர் இறந்ததும் உண்டு. அந்த 3ஐ எந்தச் சராசரியிலும் சேர்க்கவில்லை. 2,002 என்பது 10,291இல் 19.5 விழுக்காடு. காத்திருப்பு என்று நான் எழுதக்கூடியது அவ்வளவுதான். மீதி 8,289 நாள், அதாவது 80.5 விழுக்காடு, நான் எதற்காகவும் காத்திருக்கவில்லை. சேனாபதி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசினார், படம் முடிந்தது, வீட்டுக்கு வந்தேன். என் கணக்கில் பாக்கி ஏதும் இருக்கவில்லை.